மேஸ்திரி மாட்டிய ஆயில் கூலர்

எங்கள் ஊரான புதுச்சேரியில் காருக்குப் புதிதாக எதையாவது மாட்ட ஆசைப்பட்டவர்கள் யாரிடம் வேண்டுமானாலும் போவார்கள், முதலியார்பேட்டை மேஸ்திரியிடம் மட்டும் போக மாட்டார்கள். போனால் அவர் இருப்பதையும் கழற்றித்தான் அனுப்புவார்.

மில்லில் ஃபிட்டர் மேஸ்திரியாக இருந்து, அந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டை ஒட்டிக் கீற்றுக் கொட்டகை போட்டு மெக்கானிக் ஆனவர். மில்லை விட்டும் மேஸ்திரி என்ற பட்டம் அவரை விடவில்லை. ஏழெட்டு வருஷம் பழகியும் அவருடைய பெயரைக் கேட்க எனக்குத் தோன்றியதில்லை. அது மரியாதையா, மரியாதைக் குறைவா என்று இன்றைக்கும் தெரியவில்லை. கொட்டகையில் பெயர்ப் பலகையும் கிடையாது. முன்பு ஒன்று இருந்ததாம். ஒரு நாள் அவரே ஏணி போட்டு ஏறிக் கழற்றி, அதன் பின்பக்கத்தைத் திருப்பிப் போட்டு நட்டு போல்ட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டார். இடம் தெரிந்தவர்கள் வந்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

ஒரு டாக்சிக்காரர் மெட்ராசிலிருந்து பாட்டுப் பாடும் ஹாரன் ஒன்று வாங்கிவந்து மாட்டச் சொன்னார். மேஸ்திரி வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பேட்டரி நோஞ்சானாக இருக்கிறது, அதைத் தின்பது உள்ளே ஓடும் குட்டி விசிறியும் சாமி படத்தைச் சுற்றி எரியும் பல்பு மாலையும்தான் என்று சொல்லி, இரண்டையும் கழற்றி அவர் கையில் கொடுத்தார். ஹாரனைத் தொடவே இல்லை. டாக்சிக்காரர் ஒரு மாதம் அவரைக் கண்டபடி ஏசிக்கொண்டிருந்தார். அடுத்த மாதம், வண்டி இப்போதெல்லாம் காலையில் தள்ளாமலே கிளம்புகிறது என்று அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

தன் உடம்பிலும் அவர் அதே வேலையைத்தான் செய்தார். சட்டைப் பையில் இருப்பது குனியும்போது எஞ்சினுக்குள் விழுகிறது என்று எல்லாச் சட்டையிலும் பையைப் பிரித்து எடுத்துவிட்டார். டீயில் முதலில் சர்க்கரையை நிறுத்தினார், பிறகு பாலை நிறுத்தினார், நான் பழகிய காலத்தில் வெறும் வெந்நீர்தான் குடித்துக்கொண்டிருந்தார். பேச்சில் பாதிக்கு மேல் வெட்டிவிடுவார். மிச்சம் இருந்தது பெரும்பாலும் "வேணாம்" என்ற ஒரு சொல்தான்.

அவருடைய சம்சாரம் இதற்கெல்லாம் ஈடுகட்டுகிற மாதிரி பேசுவார். வண்டி வேலை முடியும்வரை என்னை உள்ளே உட்காரவைத்து அவரைப் பற்றி என்னிடம் புகார் சொல்லுவார். "எங்க வூட்டுக் கதவுல தாப்பா கூட கெடையாது டீச்சர். எதுக்குன்னு கேட்டு கழட்டிட்டாரு. நல்ல காலம், என்னிய கழட்டி வுடல." அந்தப் பக்கம் காருக்கு அடியில் படுத்திருக்கும் மேஸ்திரியின் காதில் இது விழும். அவர் மறுத்துப் பேசி நான் கேட்டதில்லை.

நான் அவரிடம் போனது ஆசைக்காக இல்லை, பயத்தால்.

என் கணவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தார். அப்படிப்பட்டவர்களை எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். நான் இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு டீச்சர். எங்களுக்கு ஒரே மகள், ஆனந்தி. ஏழு வயதில் அவளுக்கு மூட்டுவலியோடு ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது அது இதயத்தின் வால்வு ஒன்றைக் கெடுத்துவிட்டுப் போனது. மாதம் ஒரு தடவை மெட்ராசுக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். இரண்டு தடவை பஸ்ஸில் போனோம். இரண்டாவது தடவை அச்சிறுப்பாக்கத்துக்குப் பக்கத்தில், கூட்டத்தின் நடுவில், அவள் உதடு நீலம் பாரித்துவிட்டது. அதை அப்படியே கடிதத்தில் எழுதினேன். என் கணவர் பிரான்சில் மலைப்பக்கத்து ஊர் ஒன்றில் ஓர் அதிகாரியிடமிருந்து பழைய கார் வாங்கிக் கப்பலில் அனுப்பிவைத்தார். பிறகு லீவில் வந்து விடியற்காலைகளில் கடற்கரைச் சாலையில் எனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தார். சண்டை போட்டுக்கொண்டே கற்றுக்கொண்டேன். எழுபதுகளில் கோரிமேட்டு எல்லையைத் தாண்டி ஒரு பொம்பளை தனியாகக் கார் ஓட்டிக்கொண்டு போனால் செக்போஸ்ட்டுப் போலீஸ்காரர்கள் சோதனை போட மறந்து வாயைப் பிளந்து நிற்பார்கள். அந்த ஒரு சௌகரியம் எனக்கு இருந்தது.

வண்டி சூடேறியது. முன்பலகையில் இரண்டு வட்டங்கள் இருந்தன, ஒன்று தண்ணீரின் சூட்டுக்கு, இன்னொன்று எண்ணெயின் சூட்டுக்கு. எண்ணெய் முள் திண்டிவனத்திலேயே பாதியைத் தாண்டிவிடும். மதுராந்தகத்தில் சிவப்புக் கோட்டைப் பார்த்து நகரும். பின் சீட்டில் ஆனந்தி படுத்திருப்பாள். வழியில் வண்டி நின்றுவிட்டால் அந்த வெயிலில் அவளை எப்படித் தூக்கிக்கொண்டு எங்கே போவேன் என்பதைத் தவிர என் மண்டையில் வேறு எதுவும் ஓடாது.

ஊரில் எல்லோரும் ஒரே மருந்தைத்தான் சொன்னார்கள்: ஆயில் கூலர். அது ஒரு சின்ன ரேடியேட்டர். எஞ்சினில் ஓடும் எண்ணெயைக் குழாய் வழியாக வெளியே கொண்டுவந்து காற்றில் ஆற்றித் திருப்பி உள்ளே அனுப்பும். டாக்சி ஸ்டாண்டில் சொன்னார்கள், பள்ளிக்கூட வாட்ச்மேன் சொன்னார், என் கணவர் ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினார். வீட்டுக்கு மீன் கொண்டுவருகிற அம்மாள்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, குளிர் தேசத்து வண்டி நம்ம வெயிலைத் தாங்குமா, ஒரு கூலர் வெச்சுக் குடு என்றாள். அவள் தம்பி லாரி ஓட்டுகிறவன். நான் மெட்ராஸ் புதுப்பேட்டையில் தேடி ஒன்று வாங்கி, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு, ஒரு சித்திரை மாதத்துக் காலையில் மேஸ்திரியின் கொட்டகை முன்னால் காரை நிறுத்தினேன். அவர் குணத்தைப் பற்றி எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர் கை வைத்த வண்டி நடுவழியில் நிற்காது என்றும் சொல்லியிருந்தார்கள்.

இங்கே என் மானம் போன கதையையும் சொல்லிவிட வேண்டும். வண்டியின் முகப்பை மூடிக் கறுப்பு ரெக்சினில் ஓர் உறை உண்டு, சுற்றிலும் பித்தளைப் பொத்தான் வைத்தது. வண்டியோடு வந்தது. வெள்ளிக்கிழமைதோறும் நான் அதைத் தேங்காய் எண்ணெய் தொட்டுப் பளபளவென்று துடைப்பேன். ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் அதன் மேல்தான் வைப்பேன். அதன் அழகில் மயங்கி மூன்று டாக்சிக்காரர்கள் சீட் தைப்பவரிடம் சொல்லி அதே மாதிரி தைத்துத் தங்கள் வண்டிகளுக்கும் போட்டிருந்தார்கள்.

மேஸ்திரி என் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்க்கவில்லை. உறையைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பொத்தான்களை ஒவ்வொன்றாக விடுவித்து, அதை நான்காக மடித்து என்னிடம் நீட்டினார்.

"இது பனிக்குப் போத்துற போர்வ டீச்சரம்மா. சித்திரையில போத்தி வுட்டிருக்கீங்க."

அவருடைய சம்சாரம் உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தார். எனக்கு அங்கேயே பூமி பிளக்கக் கூடாதா என்றிருந்தது. அந்த வாரத்துக்குள் மூன்று டாக்சிகளின் உறைகளும் சத்தமில்லாமல் காணாமல் போயின. இதை எழுதியதற்கு என் கணவர், தான் சொல்ல மறந்துவிட்டதாக இரண்டு வரியில் பதில் போட்டார். எப்போதும் நாலு பக்கம் எழுதுகிற மனிதர்.

ரேடியேட்டருக்குக் காற்றுக் கிடைத்ததும் சூடு நன்றாகவே குறைந்தது. ஆனால் முழுக்கத் தீரவில்லை. மதிய வெயிலில் செங்கல்பட்டைத் தாண்டும்போது எண்ணெய் முள் மறுபடி பாதிக்கு மேல் ஏறும். நான் மறுபடி மேஸ்திரியிடம் போனேன். அவர் ஆயில் குச்சியை உருவி, எண்ணெயைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, கண்ணை மூடிக்கொண்டு மோந்து பார்த்தார். கருகவில்லை என்றார். எண்ணெய் சூடாக வேண்டும், ஆறிப்போன எண்ணெயும் எஞ்சினுக்கு ஆகாது, முள் சிவப்பைத் தொடவில்லை என்றால் கவலை இல்லை என்று, அவருக்கு மிக நீளமான ஒரு பேச்சைப் பேசினார். நான் வாங்கிவந்த கூலரைப் பிரித்துப் பார்த்து, நல்ல பொருள்தான் என்று சொல்லி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தார்.

அங்கேயே அது ஒரு வருஷம் இருந்தது. ஒவ்வொரு மாதமும் மெட்ராஸ் பயணத்துக்கு முன்னால் நான் போய் நிற்பேன். அவர் குச்சியை உருவி மோந்து பார்ப்பார். "வேணாம்" என்பார். எனக்கு எரிச்சலாக வரும். ஒரு தடவை பிடிவாதம் பிடித்து, என்னோடு வந்து நீங்களே பாருங்கள் என்றேன். வந்தார். முன் சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தவர், முள்ளைப் பார்ப்பார் என்று பார்த்தால், வழி நெடுக என் வலது காலையே பார்த்துக்கொண்டு வந்தார். மதுராந்தகம் ஏரிக்கரையில் வண்டியை ஆற வைத்தோம். அவர் ஆனந்தியிடம் எவ்வளவு தூரம் நடப்பாய் என்று கேட்டார். அவள் ஒரு பனைமரத்தைக் காட்டினாள். கிட்டத்தில் இருந்த மரம்தான். அவர் அவளோடு அந்த மரம்வரைக்கும் நடந்தார். அவள் நின்ற இடத்தில் எல்லாம் நின்றார்.

அடுத்த மே மாதத்தில் ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அக்கினி நட்சத்திரத்தின் நடுவில். குறித்த நாளில் குறித்த நேரத்துக்குக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும், விட்டால் அடுத்த முறை எப்போது என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. நான் நேரே கொட்டகைக்குப் போனேன். கூலரை மாட்டச் சொன்னேன். அவர் ஆயில் குச்சியை நோக்கிக் கையை நீட்டியதும் நான் கத்திவிட்டேன்.

"எம் பொண்ணு மூச்சு உங்களுக்கு வெளையாட்டா இருக்குதா மேஸ்திரி? நடு ரோட்ல நின்னா நீங்களா வந்து தூக்குவீங்க?"

அவரை விட வயதில் சின்னவள் நான். பக்கத்து வீடுகளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். அவர் கையைத் துணியில் துடைத்துக்கொண்டார். வண்டியை விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

மறுநாள் சாயங்காலம் அவரே காரை வீட்டுக்கு ஓட்டி வந்தார். பம்பருக்குக் கீழே, ஓர் ஓரமாக, கூலர் உட்கார்ந்திருந்தது. அதிலிருந்து இரண்டு கறுப்புக் குழாய்கள் மேலே ஏறிப் போயின, கிளிப்புகள் புதிதாக மின்னின. மேஸ்திரி ஒரு பொருளை மாட்டினார் என்ற செய்தி கேட்டு டாக்சி ஸ்டாண்டிலிருந்து ஆட்கள் வந்து குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் சாவியை என் கையில் கொடுத்தார்.

"மாட்டிட்டேன். இனிமே சூடு ஏறாது. அந்த முள்ளப் பாக்காதீங்க. பாப்பாவப் பாருங்க."

அந்தப் பயணத்தை நான் மறக்கப் போவதில்லை. முள்ளை ஒரே ஒரு தடவைதான் பார்த்தேன், செங்கல்பட்டில். வழக்கத்தை விட இரண்டு கோடு கீழே நின்றது. என் கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு கண்ணாடியில் ஆனந்தியைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். அவள் ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்த்துத் தனக்குத் தானே பேசிக்கொண்டு வந்தாள். ஆடுகளுக்குப் பெயர் வைத்தாள். ஆபரேஷன் ஆனால் கயிறு தாண்டலாமா என்று கேட்டாள். தாண்டலாம் என்றேன். எத்தனை என்று கேட்டாள். நூறு என்றேன். அவள் அவ்வளவு வேண்டாம், ஐம்பது போதும் என்றாள். மூன்று வருஷமாக அந்தச் சாலையில் அவளைக் கொண்டுபோகிறேன், அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டு வருகிற பிள்ளை என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. ஆனந்தி கயிறு தாண்டினாள், பிறகு சைக்கிள் ஓட்டினாள், பிறகு எதிர்த்துப் பேசவும் ஆரம்பித்தாள். மேஸ்திரியின் கூலரைப் பற்றி நான் கேட்டவர்களிடமும் சொன்னேன், கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊரோடு வந்துவிட்டார். வேலை இல்லாத மனிதர், ஒரு ஞாயிற்றுக்கிழமை காருக்கு அடியில் படுத்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அவர் சத்தம் தெருவுக்குக் கேட்டது. எழுந்து வந்து என்னைக் கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினார். கூலரிலிருந்து மேலே ஏறிய இரண்டு குழாய்களும் எஞ்சினுக்குப் போகவில்லை. ஒரு கம்பியில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தன. இரண்டின் வாயிலும் மரக்கட்டை அடைத்திருந்தது. "இது எண்ணெயக் கண்ணால பாத்ததே இல்ல" என்றார் என் கணவர். பிறகு, ரேடியேட்டருக்குப் போகிற காற்றை மறைக்காத இடமாகப் பார்த்து வைத்திருக்கிறான், திருட்டுப் பயல், என்று முணுமுணுத்தார்.

அப்படியானால் முள் எப்படி இறங்கியது என்று கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். நான் பயந்தால் மூன்றாவது கியரில் போட்டு மிதிமிதி என்று மிதித்து எஞ்சினைச் சூடேற்றுவேன் என்றும், கற்றுக்கொடுத்த நாளிலிருந்து அதற்குத்தானே சண்டை என்றும் சொன்னார். இப்போது நான் ஒழுங்காக ஓட்டுகிறேனாம். அதை அவர் பாராட்டாகச் சொன்னார். எனக்குக் காது சுட்டது. மேஸ்திரி என்னைச் சின்னப் பிள்ளை மாதிரி கிலுகிலுப்பை காட்டி ஏமாற்றியிருக்கிறார். அதை விட, அன்றைக்கு வண்டி நின்றிருந்தால்? ஒரு கட்டைத் துண்டை நம்பியா என் பிள்ளையை அனுப்பினார்?

அப்போது மேஸ்திரி கொட்டகையை மூடிவிட்டுக் கருவடிக்குப்பத்தில் மகன் வீட்டில் இருந்தார். மில்லில் தின்ற பஞ்சுத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆனந்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். வழியெல்லாம் கேட்கப் போவதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அவர் உள்ளே படுத்திருந்தார். வாசலிலேயே சம்சாரத்திடம் கொட்டிவிட்டேன்.

அவருடைய சம்சாரம் கொஞ்சமும் அசரவில்லை. "அந்தக் கட்டைய நாந்தான் செதுக்கிக் குடுத்தேன் டீச்சர்" என்றார்.

"நடு ரோட்ல வண்டி நின்னிருந்தா?"

"அதுக்குத்தானே அன்னிக்கு டாக்சி புடிச்சிகினு உங்க பின்னாலயே வந்தாரு. ஆஸ்பத்திரி கேட்டு வரைக்கும் வந்துட்டு, நீங்க உள்ள போனப்புறம் திரும்பினாரு. சொல்லக் கூடாதுன்னு சொன்னாரு, நான் சொல்லிட்டேன்."

செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

பாயில் தலையணையை அண்டக் கொடுத்துச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மேல்மூச்சு வாங்கியது. ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் காத்திருக்க வேண்டியிருந்தது. முதலில் ஆனந்தியைத்தான் பார்த்தார். சைக்கிளிலா வந்தாய் என்று கேட்டார். ஆமாம், அம்மாவையும் பின்னால் வைத்து மிதித்துக்கொண்டு வந்தேன் என்றாள். அவர் அதையே யோசித்துக்கொண்டிருந்தார் போலிருந்தது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அந்தக் கூலரு ஒழுவுதா டீச்சரம்மா?"

கேட்க வந்ததை விட்டுவிட்டேன்.

"இல்ல மேஸ்திரி. இத்தினி வருஷத்துல ஒரு சொட்டு ஒழுவல."

அவர் என் முகத்தைப் பார்த்தார். வாசலில் நின்ற சம்சாரத்தைப் பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார்.

"ஒழுவாது" என்றார்.